இரண்டாவது பறவைக்கு முன்னால் இரண்டாவது கூண்டு

நீங்கள் எழுதியது இது: மன்னார்குடியில் வீடு. பட்டாணி என்று ஒரு லவ் பேர்ட், வயது இரண்டு, குஞ்சிலிருந்தே கையில் ஊட்டி வளர்த்தது. வளர்த்த மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் வீட்டைப் பூட்டினால் சாயங்காலம்தான் திறப்பு. இப்போது ஓயாத கத்தல், மார்பில் இறகு குறைந்து தோல் தெரிகிறது. "ஒரு ஜோடி வாங்கி அதே கூண்டில் விட்டுவிடலாமா? ஆணா பெண்ணா? ஜோடி வந்தால் எங்களிடம் வருவது நின்றுவிடுமா?" என்று கேட்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம், அதே கூண்டில் வேண்டவே வேண்டாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் இரண்டு கூண்டுகளை நிரந்தரமாக வைக்க இடம் இல்லையென்றால், இரண்டாவது பறவையை வாங்காதீர்கள். இரண்டும் சேருமா சேராதா என்பது அவை எடுக்கிற முடிவு. பெயரில் 'லவ்' இருப்பதால் எந்தப் பறவையைக் கொண்டுவந்து விட்டாலும் உடனே ஒட்டி உட்கார்ந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சிறிய கிளி வகைகளில் இவ்வளவு எல்லை பிடிக்கிற, இவ்வளவு முரட்டுத்தனமான இனம் வேறு அதிகம் கிடையாது. பிடித்துப்போனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் பிரியாது. பிடிக்காததை அடைத்து வைத்தால் கால் விரலைத் துண்டாக்கிவிடும். ஆயுள் என்பதும் சும்மா இல்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம்.

முதலில் பட்டாணிக்கு இருப்பது தனிமைதானா என்று பாருங்கள். இறகு குறைவதற்குத் தனிமை ஒரு காரணம், அவ்வளவே. தலையில் இறகு முழுசாக இருந்து மார்பிலும் தொடையிலும் மட்டும் குறைந்திருந்தால் அது தானே பிடுங்குகிறது, ஏனென்றால் தன் தலையை அதன் அலகு எட்டாது. தலையிலும் கொட்டியிருந்தால் நோயைச் சந்தேகியுங்கள். அலகு ஓரத்திலும் காலிலும் வெள்ளையாகப் பொருக்கு இருந்தால் சிற்றுண்ணி. வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்று வளர்ந்த பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் வறண்டு, அந்த அரிப்பிலும் பிடுங்கும். பூட்டிய வீட்டில் கொசுவத்திப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, இவையும் அதன் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. நான்ஸ்டிக் தவா தீய்ந்தால் வரும் ஆவி ஒரு சில நிமிடத்தில் உயிரையே எடுத்துவிடும். பறவை இருக்கும் வீட்டில் அந்தத் தவாவே இல்லாமலிருப்பது நல்லது.

ஆகவே ஜோடிக்கு முன்னால் ஒரு மருத்துவர். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில்தான் இருக்கிறது. போகும்போது கூண்டின் அடித்தட்டில் போட்ட காகிதத்தை, அன்றைய எச்சத்தோடு, எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விஷயம் தெரியும். கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இனத்தின் எடை ஏறக்குறைய 45 முதல் 60 கிராம். வாரம் ஒரு முறை எடைபோட்டுக் குறித்து வையுங்கள். பறவை நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். தராசில் மட்டும் அதை மறைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சும்மா இருக்காதீர்கள். ஜோடி சேர்க்கும் நாட்களிலும் இந்தத் தராசுதான் உங்களுக்குச் சாட்சி.

உடம்பில் குறையில்லை என்று தெரிந்தால் மூன்று வாரம் வேறு சிலவற்றைச் செய்து பாருங்கள். கூண்டு ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் இருந்தால் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்திருந்தால் பயம் போகாது. தினையைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டுப் போகாமல் பாதியைக் காகிதத்தில் சுருட்டியும் தென்னங்கீற்றில் முடிந்தும் தொங்கவிடுங்கள். ஒரு பச்சைக் கீற்றைக் கிழித்துத் தள்ள அதற்கு அரை நாள் ஆகும், அந்த அரை நாள் கத்தல் இருக்காது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் ஏதாவது ஒன்று. உட்காரக் கொய்யாக் கிளை நல்லது. அரளி மட்டும் எந்த வடிவத்திலும் உள்ளே போகக்கூடாது, அது விஷம். இரவு ஏழு மணிக்கெல்லாம் துணி போட்டு மூடிவிடுங்கள். சீரியல் முடிகிற வரை டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கிற பறவைக்குத் தூக்கமும் கெடும், முட்டையிடும் தூண்டுதலும் கூடும். கண்ணாடி வைத்தால் பேசிக்கொண்டிருக்கும் என்று யாராவது சொல்வார்கள், வைக்காதீர்கள். பதில் சொல்லாத பறவைக்கு இரை கக்கி ஊட்டி ஊட்டி அது இளைத்துப்போகும்.

இதற்கெல்லாம் பிறகும் நீங்கள் கிளம்பும்போது அலறி, வந்ததும் உங்களை விடவே மாட்டேன் என்றிருந்தால் அப்போது துணை வேண்டும். காட்டில் இவை கூட்டமாக வாழ்கிறவை. பகலெல்லாம் ஒற்றையாக இருப்பது அவற்றின் இயல்பில் இல்லை. இங்கே ஒரு பேச்சு உண்டு, 'ஒன்று செத்தால் இன்னொன்றும் ஏக்கத்திலேயே செத்துவிடும்' என்று. துணையை இழந்த பறவை சோர்ந்து போகும், சில நாள் சரியாகத் தின்னாது, அது உண்மை. ஆனால் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டும் செத்தால் ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், தொற்று நோய் இருந்திருக்கும். அந்தக் கூண்டை நன்றாகக் கழுவிக் கிருமிநீக்கி வெயிலில் காய வைக்காமல் அதில் புதுப் பறவையை விடக்கூடாது.

சரி, எந்தப் பறவை? நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது பட்ஜி, ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி. உங்களிடம் இருப்பது முகம் ஆரஞ்சு கலந்த ரோஜா நிறம், உடம்பு பச்சை, வாலுக்கு மேல் நீலம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆப்பிரிக்க இனம், பீச் ஃபேஸ். நமீபியா, அங்கோலா பக்கத்து வறண்ட நிலத்துப் பறவை. கடைக்காரரிடம் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லிக் கேளுங்கள். பட்ஜியைக் கொண்டுவந்து பட்டாணியோடு விட்டால் பாவம் பட்ஜிதான். எடையிலும் அலகு பலத்திலும் அது ஈடு கொடுக்காது. காக்கடீல் கிளி, ஃபிஞ்ச் குருவி எல்லாம் அப்படியே.

ஆப்பிரிக்க இனத்திலேயே ஒன்பது வகை உண்டு. கடையில் பீச் ஃபேஸுக்குப் பக்கத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருப்பவை ஃபிஷர், மாஸ்க்டு. அவற்றைப் பட்டாணிக்கு வாங்காதீர்கள். பழகினாலும் பழகும், ஆனால் ஆணும் பெண்ணுமாக அமைந்து குஞ்சு பொரித்தால் அந்தக் கலப்புக் குஞ்சுகள் பெரும்பாலும் மலடாகவே இருக்கும். காகித வேலையும் இருக்கிறது: ஃபிஷர் போன்றவை சைட்ஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை, 2024-இல் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பீச் ஃபேஸ் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்ட இனம். 'தோப்பில் பச்சைக்கிளிக் குஞ்சு கிடைக்கிறது, அதை விடலாமா' என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. பச்சைக்கிளியும் சில்லையும் நம் நாட்டுப் பறவைகள், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம்.

ஆணா பெண்ணா என்பதற்கு முன் பட்டாணி எது என்று தெரிய வேண்டும். பீச் ஃபேஸில் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. அதில் பாதிக்குப் பாதி தவறிப்போகும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தென்னங்கீற்றையோ காகிதத்தையோ கொடுத்துப் பாருங்கள். நீளநீளமாக ஒரே அகலத்தில் கத்தரித்து, வாலுக்கு மேலுள்ள இறகுக்குள் செருகிக்கொண்டு போனால் அநேகமாகப் பெண், கூடு கட்டச் சுமக்கிற வழக்கம் அது. ஆண்களும் சில சமயம் முயலும், ஆனால் ஒழுங்காகக் கத்தரிக்காது, செருகினாலும் கீழே விழுந்துவிடும். சந்தேகமே வேண்டாம் என்றால் பிடுங்கிய இறகு சிலவற்றை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினால் சில நூறு ரூபாயில் விடை வந்துவிடும். தானாக உதிர்ந்த இறகு உதவாது, வேரில் சதை ஒட்டியிருக்க வேண்டும்.

சோதனைக்குச் செலவழிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இனத்தில் பெண்தான் பெரியது, பெண்தான் அதட்டும். இரண்டு பெண்களை ஒரே கூண்டில் வைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான சேர்க்கை. சில ஜோடிகள் ஒத்துப்போகும், பல போகாது, ஒத்துப்போனவையும் முட்டையிடும் பருவம் வந்தால் ஒன்றையொன்று தாக்கத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்கள் பெரும்பாலும் நிம்மதி. ஆணும் பெண்ணும் எளிதில் சேரும், கூடவே முட்டையும் வரும். பட்டாணி ஆணாக இருந்தால் இன்னோர் ஆணையே வாங்குங்கள் என்பேன். பெண்ணாக இருந்தால் ஆண் தவிர வேறு யோசிக்காதீர்கள்.

வயதில் பட்டாணிக்கு நெருக்கமாக, குறைந்தது ஆறு மாதமாவது தாண்டியதாக இருக்கட்டும். மேல் அலகு முகத்தோடு சேரும் இடத்தில் கறுப்புப் படிவு இருந்தால் அது இன்னும் குஞ்சு. வளர்ந்த பெண் பறவையின் அருகே அதை விடுவது கொடுமை. கடையில் கூட்டமாக அடைத்த கூண்டிலிருந்து வாங்குவதைவிட வீட்டில் வளர்க்கிறவரிடம் வாங்குவது மேல். போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சுறுசுறுப்பாகத் தின்கிறதா, மூக்குத்துளை காய்ந்து சுத்தமாக இருக்கிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடாமல் இருக்கிறதா, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டாமல் இருக்கிறதா. ஓரத்தில் உப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து 'பாவம், சாதுவாக இருக்கிறது' என்று அதை எடுத்துவிடாதீர்கள். அது சாது இல்லை, நோயாளி.

காலம்: இப்போது புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டெல்டாவில் புதுப் பறவை வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. நனைந்த பஸ் பயணம், வெயில் காட்ட முடியாத வாரங்கள், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் தினை, போனால் எப்போது வரும் என்று தெரியாத கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நேரத்தில் நோய் தொற்றாமலிருக்கத் தனியே வைத்த புதுப் பறவையையும் பழைய பறவையையும் வெவ்வேறு அறையில் வைத்துப் பார்ப்பது எப்படி? தை பிறந்த பிறகு வாங்குங்கள். அப்போது ஒரே ஒரு எச்சரிக்கை, சம்பாக் கதிர் முற்றுகிற நேரம் அது. பால் பிடித்த கதிரை ஆசையாகப் பிடுங்கி வந்து கூண்டில் போடுவார்கள். பூச்சிமருந்து அடித்த வயலென்றால் அந்த ஒரு கதிர் போதும்.

வாங்கி வந்த அன்று பட்டாணிக்குக் காட்டாதீர்கள். வேறு அறை, வேறு கூண்டு, வேறு கிண்ணம், முடிந்தால் 45 நாள், குறைந்தது 30. ஒரே கூடத்தின் இரண்டு மூலைகளில் வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது, காய்ந்த எச்சத்தின் தூசியே நோயைக் கொண்டுபோகும். முதலில் பட்டாணிக்குத் தீனி வையுங்கள், பிறகு புதியதற்கு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இந்த நாட்களுக்குள் எச்சத்தையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அலகும் இறகும் சிதையும் வைரஸ் நோய் ஒன்று இந்த இனத்தில் உண்டு. வெளியில் ஒன்றும் தெரியாமலே பறவை அதைச் சுமந்துகொண்டிருக்கும், மருந்து கிடையாது. சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் வந்தால், டாக்டரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. தோன்றினால் மருந்து இருக்கிறது.

இரண்டும் ஆரோக்கியம் என்று தெரிந்த பிறகு கூண்டுகளை ஒரே அறையில் வையுங்கள், ஒரு சாண் இடைவெளி விட்டு, உட்காரும் குச்சிகள் ஒரே உயரத்தில். ஒட்டி வைக்கக்கூடாது, கம்பிக்குள் நீட்டிய விரலைத்தான் முதலில் கடிக்கும். ஒரே நேரத்தில் தீனி, ஒரே கீரை. அதற்குப் பிறகு உங்கள் வேலை பார்ப்பது மட்டும். முதல் சில நாட்கள் இறகைச் சிலிர்த்துக் கம்பியில் பாயும். பிறகு ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்லும். ஒன்று இறகு கோதினால் மற்றதும் கோதும். இரவில் இரண்டும் தத்தம் கூண்டில் அடுத்த கூண்டுக்கு நெருக்கமான பக்கத்தில் வந்து தூங்கினால், அதைவிட நல்ல அறிகுறி வேறு இல்லை. சிலவற்றுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு இரண்டு மாதம். நாள்காட்டியைப் பார்த்துக் கூண்டைத் திறக்காதீர்கள்.

முதல் சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நடக்க வேண்டும். ஓட்டு வீடென்றால் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இடுக்கு இருக்கும், முற்றம் வழியே காகமும் வல்லூறும் வரும், ஆகவே தளம் போட்ட ஒரு படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் சாத்தி, கண்ணாடியைத் துணியால் மூடி, மின்விசிறியை நிறுத்தி, சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்குள் பறக்கிற பறவை மின்விசிறியில் அடிபட்டால் பிழைப்பது அரிது. வயிறு நிறைந்த பிறகு, மாலை நாலு மணி வாக்கில் இரண்டு கூண்டுகளையும் திறந்துவிட்டு நீங்கள் தரையில் உட்காருங்கள். இரண்டு இடத்தில் தினை தூவி வையுங்கள். கால் மணி நேரம் போதும்.

துரத்தினால், அலகோடு அலகு தட்டினால், கத்தினால் பயப்பட வேண்டாம், அது அறிமுகம். ஒன்று மற்றதன் காலைக் குறிவைத்தால், கவ்வியதை விடாமல் தொங்கினால், ரத்தம் ஒரு சொட்டு தெரிந்தால் உடனே ஒரு துண்டை இரண்டின் நடுவே போட்டுப் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நுழைக்காதீர்கள். ஒரு வாரம் பழையபடி பக்கத்துக் கூண்டில் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

வெளியே ஒன்றாக உட்கார்ந்து ஒன்றின் தலையை மற்றது கோதிவிடுகிற நிலை வந்த பிறகுதான் ஒரே கூண்டு. அதுவும் பட்டாணியின் பழைய கூண்டு வேண்டாம். அங்கே போனால் புதியது குடிவந்த மருமகள் நிலைமைதான், ஒவ்வொரு குச்சிக்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். புதிதாக ஒன்று வாங்குங்கள்: இரண்டடி எட்டு அங்குல நீளமாவது வேண்டும், உயரத்தைவிட நீளம் முக்கியம், கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்குச் சற்றுமேல் போகாமல். தீனிக் கிண்ணம் இரண்டு, தண்ணீர் இரண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில். ஒரு விடுமுறை நாள் காலையில் விட்டுவிட்டு அன்று முழுவதும் வீட்டில் இருங்கள். ஒன்று அடித்தட்டிலேயே நின்றால், தீனிப் பக்கம் போக முடியாமல் விரட்டப்பட்டால், ராத்திரி பிரித்துவிடுங்கள். முதல் வாரங்களில் நீங்கள் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் தனித்தனிக் கூண்டு; நீங்கள் இருக்கும்போது சேர்ந்த கூண்டு. இரண்டாவது கூண்டு ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கடைசி வரை சேராமலே போனாலும் நஷ்டமில்லை. பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் இருந்து பகலெல்லாம் பேசிக்கொண்டிருக்கும் பறவைகளும் உண்டு. அவை தனிமையில் இல்லை.

ஆணும் பெண்ணுமாக அமைந்தால் கொட்டாங்குச்சி, பானை, பெட்டி எதையும் உள்ளே வைக்காதீர்கள். குழிவாக எதைக் கண்டாலும் அது கூடுதான். செருகிச் சுமக்கத் தொடங்கினால் கீற்றையும் நிறுத்திவிடுங்கள். அப்படியும் தட்டில் முட்டை போட்டால் எடுத்து எறியக்கூடாது. எறிந்தால் இழப்பை ஈடுகட்ட இன்னும் போடும். வேகவைத்து ஆறியதும் திரும்ப வைத்துவிடுங்கள், 23 நாள் வாக்கில் அடைகாத்து, பொரியாததைக் கண்டு தானே விட்டுவிடும். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். நாகப்பட்டினம் பக்கம் போனால் கரையிலேயே கிடைக்கும், சில நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பெண் பறவை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்து முக்கினால் முட்டை சிக்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்வி. கொஞ்சம் குறையும். பகலெல்லாம் துணை இருக்கிற பறவை நீங்கள் கதவைத் திறந்ததும் முன்போல் உயிரை விட்டுக்கொண்டு பாயாது, அதற்காகத்தானே வாங்குகிறீர்கள். கையில் வளர்ந்தது என்பதால் முழுசாக மறந்துவிடாது. தினமும் மாலையில் பட்டாணியை மட்டும் வேறு அறைக்கு எடுத்துப் போய்க் கால் மணி நேரம் தோளில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு புதியதை அதே போல். இரண்டையும் சேர்த்தே கையாண்டால் அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், உங்களைக் கவனிக்காது. மகள் விடுமுறைக்கு வரும்போது புதியது அவளைக் கடிக்கப் பார்க்கலாம். அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், முதல் நாளே இரண்டையும் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று.